நாய்க்கு அழைப்பு, சித்திக்கு இல்லை

குமார்,

உன் கடிதம் கிடைத்தது. நலமாக இருக்கிறீர்களா என்று கேட்டிருந்தாய். நலமாக இல்லை, கோபமாக இருக்கிறேன். கோபமாக இருக்கும்போது கடிதம் எழுதக் கூடாது என்று முனிசிபல் பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் பிள்ளைகளுக்குச் சொன்னவள்தான் நான். சொன்னதையெல்லாம் கடைப்பிடித்திருந்தால் இந்த ஊரில் எனக்கும் ஒரு கோயில் கட்டியிருப்பார்கள். அதனால் எழுதத்தான் போகிறேன், நீயும் உட்கார்ந்து படிக்கத்தான் போகிறாய். மெட்ராஸ் ஆபீஸில் ஃபைல் பார்க்கிற மாதிரி முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடாதே.

நீ எழுதியதை உனக்கே திருப்பிச் சொல்கிறேன். "துரையைக் கண்டிப்பாக அழைத்து வாருங்கள். மாலதி வீட்டு மாமா தனியாகக் கார் அனுப்புகிறார். வரவேற்பு மேடையில் எங்கள் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும் என்று அவர்கள் வீட்டில் எல்லோருக்கும் ஆசை. சித்தியை மட்டும் இப்போதைக்கு அழைக்க வேண்டாம். எல்லாம் நல்லபடியாக முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்." இந்த வரிகளுக்கு நடுவே நீ பேனாவை ஒரு நிமிஷம் கீழே வைத்ததாகக்கூடத் தெரியவில்லை. நாய் வரலாம், நாய்க்குக் கார் வரும், நாய்க்கு மேடையில் இடம் உண்டு. உன்னை வளர்த்தவள் மட்டும் வரக் கூடாது. டேய், எழுதியதை ஒருதரமாவது படித்துப் பார்த்தாயா? இந்தக் கடிதத்தை நீ படித்த கையோடு மாலதியிடமும் கொடு. அந்தப் பெண் உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவள், அவளுக்கு எல்லாம் தெரிய வேண்டும். அதனால்தான் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து முதலிலிருந்து எழுதுகிறேன். யார் எடுத்துப் படித்தாலும் எனக்குக் கவலையில்லை. மறைக்க வேண்டியது என் பக்கத்தில் ஒன்றும் இல்லை.

உன் சித்தி சரோஜா, என் கூடப் பிறந்த தங்கை. நீ பிறந்தபோது எனக்குப் பள்ளிக்கூட வேலை புதிது, நீண்ட நாள் லீவு போட்டால் வேலையே போய்விடும் என்கிற நிலைமை. அப்பாவுக்கோ ஊர் ஊராகப் போகிற உத்தியோகம். கல்யாணத்துக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சரோஜாவை, "கொஞ்ச நாளைக்கு வந்து இருடீ" என்று கூப்பிட்டேன். வந்தவள் உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டாள், பிறகு இறக்கவே இல்லை. பேகோபுரத் தெரு வீட்டில் நீ நடந்ததை விட அவள் இடுப்பில் போனதுதான் ஜாஸ்தி. என்னிடம் வரச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வாய். எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும். ராத்திரியில் அவள் வலது கைக் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாய். அவள் மெதுவாக விரலை உருவப் பார்த்தால் உடனே கண்ணைத் திறந்துவிடுவாய். "இவன் கல்யாணத்துக்கும் என் விரலையே புடிச்சிக்கினு மணையில உக்காரப் போறான், பாரு அக்கா" என்று சிரிப்பாள். கேலியாகத்தான் சொன்னாள். அதை இப்போது நினைத்தால் எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

நீ இரண்டாம் வகுப்பு படிக்கும்போது நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ. ஒரு சாயங்காலம் பால் பொங்குகிற நேரத்தில் துணி கைக்குக் கிடைக்கவில்லை. சரோஜா கொதிக்கிற பாத்திரத்தை வெறுங்கையால் பிடித்து அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, உனக்கு டம்ளரில் ஊற்றி ஆற்றவும் ஆரம்பித்தாள். நீ வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாய். மறு நிமிஷம் தெருவுக்கு ஓடி, விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளைக் கூட்டி வைத்து, "எங்க சித்திக்கு நெருப்பு சுடாது! பால் சட்டிய அப்படியே புடிச்சாங்க!" என்று பெருமையடித்துக்கொண்டாய். அவளுக்கு ஏதோ வரம் கிடைத்துவிட்டதாக உனக்கு எண்ணம். பிள்ளைகள் சிரித்தார்கள். பிள்ளைகளின் அம்மாக்கள் சிரிக்கவில்லை. அவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். மறுநாளே எதிர்வீட்டில் தண்ணீர்க் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். அந்த வாரமே வீட்டுச் சொந்தக்காரர் வந்து, "டீச்சரம்மா, தப்பா நெனச்சிக்காதீங்க, தெருவுல நாலு கொழந்தைங்க இருக்குதுங்க" என்றார். நெருப்பு சுடாதது வரம் இல்லை, தொழுநோய் என்பது டாக்டர் சொல்லும் முன்பே தெருவுக்குத் தெரிந்துவிட்டது. இதை உன் மேல் பழியாகச் சொல்லவில்லை. ஏழு வயசுப் பிள்ளை சித்தியைப் பற்றிப் பெருமைப்பட்டது, அவ்வளவுதான். அந்த ஏழு வயசுப் பிள்ளை உன்னைவிட நல்லவன் என்பதுதான் என் ஆத்திரம்.

உன் அப்பா அவளை ஊருக்கு வெளியே, மலை சுற்றுகிற பாதையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஹோமில் சேர்த்தார். தொழுநோய்க்காரர்களுக்கென்று யாரோ நல்ல மனிதர்கள் நடத்துகிற சின்ன இடம். மருந்து கொடுத்தார்கள், சாப்பாடு போட்டார்கள், குறை சொல்ல மாட்டேன். நோய் நின்றுவிட்டது. கிருமி இல்லை, யாருக்கும் ஒட்டாது, வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று டாக்டர் சொல்லிப் பல வருஷம் ஆகிவிட்டது. அவள்தான் வரவில்லை. உணர்ச்சி செத்துப்போன விரல்கள், ஒவ்வொரு காயத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துபோயிருந்தன. நீ பிடித்துக்கொண்டு தூங்கிய அந்தக் கட்டைவிரல் இப்போது இல்லை. ஞாயிற்றுக்கிழமை நான் பார்க்கப் போனால் கட்டிலின் அந்தக் கோடியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் புடவைத் தலைப்புக்குள் சுருட்டி வைத்துக்கொள்வாள். காபி கொண்டுபோனால், "அங்க வைச்சிட்டு நகுந்துக்கோ அக்கா, நான் எடுத்துக்கறேன்" என்பாள். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன், அழுதும் பார்த்தேன். கூடப் பிறந்தவளைத் தொட்டுப் பேச முடியாமல் எத்தனை வருஷம் திரும்பி வந்திருப்பேன், எனக்கே தெரியாது.

துரை வந்தது உன்னால்தான். காலேஜுக்குப் போவதற்கு முந்தின லீவில் தேரடியிலிருந்து ஒரு செவலைக் குட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தாய். நான்கு பாதமும் வெள்ளையாக இருந்ததால், பூட்ஸ் போட்ட துரை என்று பேர் வைத்தாய். பேர் வைத்ததோடு உன் கடமை முடிந்தது. ஜூன் மாதம் நீ மெட்ராஸுக்கு ரயில் ஏறினாய், குட்டி என் தலையில் விழுந்தது. நான் நாய்ப் பிரியை ஒன்றும் இல்லை. ஆனால் அது என்னை விட்டு நகராது. அப்பாவும் போய்ச் சேர்ந்த பிறகு, வீட்டில் நானும் அதுவும்தான் என்று ஆகிப்போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷரீப் பாயின் ஜட்காவில் ஹோமுக்குப் போகும்போது, கட்டிப்போட்டதை அறுத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னாலேயே ஓடி வந்துவிட்டது. பாய் ரயிலடியில் ஜட்கா ஓட்டுகிறவர், எனக்குத் தம்பி மாதிரி. "வந்துட்டான் அக்கா உங்க துரை, வெயில்ல ஓடி செத்துடப் போறான், ஏத்திக்கலாமா?" என்று வண்டியை நிறுத்தினார். அப்படித்தான் அது முதல் தடவை ஹோமுக்குள் வந்தது.

வந்தது நேராகச் சரோஜாவின் கட்டிலுக்குப் போனது. அவள் பதறிக் காலைத் தூக்கிக்கொண்டு, "அக்கா, இத இட்டுனு போ! அதுக்கும் வந்துடப் போவுது!" என்று கத்தினாள். கைகள் வழக்கம்போலத் தலைப்புக்குள் இருந்தன. துரை கொஞ்ச நேரம் அவளை அண்ணாந்து பார்த்தது. பிறகு மூக்கால் தலைப்பை விலக்கி, தலையைக் கொண்டுபோய் அந்தக் கைக்கு அடியில் வைத்து முட்டியது. அவள் கையை இழுத்துக்கொண்டாள். அது மறுபடியும் தலையை வைத்தது. அவள் மறுபடியும் இழுத்தாள், அது மறுபடியும் வைத்தது. கடைசியில் சரோஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னா அக்கா இது, ரோஷமே இல்லாத நாயா இருக்குது" என்று சொல்லிக்கொண்டே கையை அதன் தலைமேல் வைத்தாள். வைத்தவள் எடுக்கவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, துடைத்துக்கொள்ளவும் இல்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அன்றைக்குப் புறப்படும்போது அவள் என் தோளில் சாய்ந்தாள். வீட்டை விட்டுப் போன பிறகு அவள் தானாக என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒருநாள், புதன்கிழமை சாயங்காலம், பள்ளிக்கூடம் விட்டதும் நானும் துரையும் பாயும் ஹோமுக்குப் போவது வழக்கமாகிவிட்டது. இது சும்மா நாயை ஓட்டிக்கொண்டு போகிற வேலை இல்லை என்பதை மாலதிக்காக எழுதுகிறேன். அங்கே இருப்பவர்களுக்குக் கீறினாலும் தெரியாது, கடித்தாலும் தெரியாது. அதனால் புதன்கிழமை காலையில் சிவப்பு சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுவேன், உண்ணி இருக்கிறதா என்று காதுக்குள் பார்ப்பேன், நகத்தை வெட்டி அரத்தால் தேய்த்து மழுங்கடிப்பேன். மாட்டாஸ்பத்திரியில் வருஷா வருஷம் ஊசி. புண்ணை நக்கக் கூடாது என்று பழக்குவதற்காக, வீட்டில் என் கையில் பழைய துணியைக் கட்டிக்கொண்டு, அது முகர வந்தால் "ஊஹூம்" என்று சொல்லி, முகத்தைத் திருப்பினால் ஒரு வாய் தயிர்ச்சோறு கொடுத்துக் கொடுத்துப் பழக்கினேன். சின்னப் பிள்ளைகளுக்கு அ, ஆ கற்றுக்கொடுத்த பொறுமையெல்லாம் அப்போது உதவியது. கட்டுப்போட்ட கையைப் பார்த்தால் துரை மரியாதையாக மறுபக்கம் போய் உட்காரும்.

அங்கே பலபேருக்கு விரல்கள் மடங்கி விறைத்துப்போயிருக்கும். எண்ணெய் தடவி நீவி விடுங்கள், தினமும் விரலை விரித்து மடக்குங்கள் என்று ஹோம் நர்ஸம்மா தொண்டை கிழியச் சொல்வார், யாரும் கேட்க மாட்டார்கள். துரையின் முதுகை நீவச் சொன்னால் மட்டும் முறை போட்டுக்கொண்டு நீவினார்கள். கண்ணமங்கலம் பக்கத்துப் பெரியவர் ஒருவர், விரலில் உணர்ச்சி இல்லாததால், குனிந்து கன்னத்தை அதன் முதுகில் வைத்துக்கொள்வார். "வெரலுக்குத் தெரியலமா, கன்னத்துக்குத் தெரியுது. சூடா இருக்குது" என்பார். நோய் வந்த பிறகு தன்னை யாரும் தொடவில்லை என்று அவர் ஒருநாள் சாதாரணமாகச் சொன்னார், இன்றைக்கு மழை இல்லை என்று சொல்கிற மாதிரி. பாய்க்கு நாய் எச்சில் பட்டால் கழுவிச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். வண்டியில் எப்போதும் ஒரு தகரத்தில் தண்ணீர் வைத்திருப்பார். "தொட்டா கழுவிக்கப் போறேன் அக்கா, அதுக்காவ ஒரு ஜீவனத் தொடாமயா இருக்கறது?" என்று கேட்பார். இந்த ஊரிலேயே எனக்குப் புரிகிற மாதிரிப் பேசின ஆள் அவர்தான்.

ஊர் என்ன பேசியது என்று உனக்குத் தெரியும். தீட்டு நாயை ஜட்காவில் ஏற்றிக்கொண்டு குஷ்டரோகிகளிடம் போய்விட்டு, அதே கையால் எங்கள் பிள்ளைகளுக்குச் சிலேட்டில் எழுதிக் கொடுக்கிறாள் என்று ஹெட்மாஸ்டரிடம் புகார் போனது. கடையில் காசைக் கல்லாமேல் வைத்துவிட்டு நகரச் சொன்னார்கள், சரோஜா எனக்குச் சொன்ன அதே மாதிரி. ஒரு ஆஸ்பத்திரியில், பயந்துபோய்ப் பேசாமல் கிடந்த குழந்தைக்குத் துரையைக் காட்டலாமா என்று கேட்கப் போனேன். வராந்தாவில் ஆடு படுத்துக்கொண்டிருந்தது, அதைத் தாண்டி வந்த ஒருவர் என்னைப் பார்த்து, "இது ஆஸ்பத்திரிமா, அசிங்கம் பண்ணாதீங்க" என்றார். எல்லாவற்றையும் நான் தாங்கிக்கொண்டேன். நாயைக் கண்டால் கல்லெடுக்கிற ஊர், கல்லெடுக்கத்தானே செய்யும். கல்லை எப்படித் தடுப்பது என்று எனக்குத் தெரிந்திருந்தது. மாலையை எப்படித் தடுப்பது என்றுதான் தெரியவில்லை.

மாலை எப்படி வந்தது என்று சொல்கிறேன். ஹோமில் வருஷக்கணக்கில் படுக்கையை விட்டு எழுந்திருக்காத ஒரு அம்மாள், துரைக்குச் சோறு வைப்பதற்காக எழுந்து நடக்க ஆரம்பித்தாள். நர்ஸம்மா பட்ட பாடும் கொடுத்த மருந்தும் அதில் பாதி, மனசு வந்தது மீதி. ஆனால் மலை சுற்றுகிற பாதையில் பூக்கடை வைத்திருந்தவள் அதைப் பார்த்துவிட்டாள். "அந்த நாய் தொட்டா பெரு நோயே போயிடுதாம்" என்று பௌர்ணமிக்கு வந்தவர்களிடம் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். நேற்று வரை தீட்டு நாய், இன்றைக்குப் பைரவர். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் துரையின் நெற்றியில் குங்குமம் அப்பியிருந்தது. தேய்பிறை அஷ்டமிக்குக் கழுத்தில் வடை மாலை. அது பாவம், மாலையைத் தின்றுவிட்டு ராத்திரியெல்லாம் வாந்தி எடுத்தது. என் காசை வாங்கத் தயங்கிய கடைக்காரர், "பைரவர் பாதம் நம்ம கடையில படணும் டீச்சரம்மா" என்று வந்து நின்றார். பரீட்சை பாஸாகுமா, மருமகள் உண்டாகியிருப்பது ஆணா பெண்ணா, எல்லாவற்றையும் நாயிடம் கேட்டார்கள். அது கொட்டாவி விட்டால் ஒரு பலன், காதைச் சொறிந்தால் ஒரு பலன். விழுந்து கும்பிட்டார்களே தவிர, அத்தனை பேரில் ஒருவரும் அதைத் தடவிக் கொடுக்கவில்லை.

சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் ஒரு புதன்கிழமை ஹோம் வாசலில் நாலைந்து பேர் ஜட்காவை மறித்தார்கள். கழுத்து நிறைய உருத்திராட்சம் போட்ட ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு, மிகவும் மரியாதையாகவே சொன்னார்: "அம்மா, சாமிய இதுக்குள்ள இட்டுனு போவாதீங்க. அவங்கள்லாம் தொட்டா தீட்டாயிடும். எங்களுக்குக் கேக்க மனசு பதறுதுங்க." கேட்டாயா குமார்? நாயாக இருந்தபோது அது தொட்டால் நமக்குத் தீட்டு. சாமியான பிறகு இவர்கள் தொட்டால் அதற்குத் தீட்டு. இரண்டுக்கும் நடுவில் அந்த மனிதர்களுக்கென்று ஒரு நாய்கூட மிச்சமில்லை. நான் அன்றைக்கு என்ன பேசினேன் என்று எழுத மாட்டேன், அது டீச்சர் பேசுகிற பேச்சு இல்லை. பாயே, "அக்கா, போதும் அக்கா" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவர்களை விலக்கிக்கொண்டு உள்ளே போனோம். போய்ப் பார்த்தால் சரோஜா கட்டிலின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருந்தாள். கைகள் தலைப்புக்குள் இருந்தன. "சாமினு சொல்றாங்களே அக்கா. நான் தொடலாமா?" என்று கேட்டாள். இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் ஒரு குங்குமப் பொட்டில் போயிற்று. நான் துரையைப் பம்ப்படிக்கு இழுத்துக்கொண்டு போய், நெற்றியை அழுந்தத் தேய்த்துக் கழுவிக் கொண்டுவந்து விட்டேன். அது ஈரத்தோடு போய், பழையபடி அந்தக் கைக்கு அடியில் தலையை வைத்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு புதன்கிழமையும் பம்ப்படியில் சாமியைக் கழுவிவிட்டுத்தான் நாயை உள்ளே விடுகிறேன்.

இப்போது உன் மாமனார் வீடு. வேலூரிலிருந்து நம் வீட்டைப் பார்க்க வந்தார்கள். நல்ல மனிதர்கள்தான், மரியாதை தெரிந்தவர்கள். ஆனால் என்னைப் பார்ப்பதற்கு முன்னால் துரையைப் பார்க்க வேண்டும் என்றார்கள். உன் மாமியார் பட்டுப்புடவையோடு நடுக்கூடத்தில் அதன் முன்னால் விழுந்து எழுந்தார். உன் மாமனார், "கேள்விப்பட்டோங்க சம்பந்தியம்மா, இந்தக் குடும்பத்துல பொண்ணு குடுக்க நாங்க குடுத்து வெச்சிருக்கணும்" என்றார். இந்த நாய் யாரிடம் போகிறது, அங்கே யார் இருக்கிறார்கள் என்று நான் வாயைத் திறந்தேன். நீ குறுக்கே விழுந்து, "அம்மாவுக்கு சோஷல் சர்வீஸ்ல இன்ட்ரஸ்ட்" என்று பேச்சை வெட்டினாய். கேட்க எவ்வளவு கௌரவமாக இருக்கிறது! என் கூடப் பிறந்தவளைப் பார்க்கப் போவது உனக்கு சோஷல் சர்வீஸ். அன்றைக்கே உன்னை அறைந்திருக்க வேண்டும், வந்தவர்கள் முகத்துக்காக விட்டேன். ஒன்று மட்டும் கவனித்தேன். பெரியவர்கள் எல்லோரும் காபி சாப்பிட உள்ளே போன பிறகு, மாலதி மட்டும் கூடத்தில் உட்கார்ந்து துரையின் காதுக்குப் பின்னால், சரியாக அதற்குப் பிடித்த இடத்தில், சொறிந்துகொண்டிருந்தாள். அது கண்ணை மூடிக்கொண்டு ஒரு காலை உதறியது. அவள் அதைக் கும்பிடவில்லை. மாலதி, இதை நீ படித்தால் தெரிந்துகொள், அந்த நிமிஷம்தான் எனக்கு உன்னைப் பிடித்தது.

உன் கடிதம் வருவதற்கு முன்பே முதல் பத்திரிகையைச் சரோஜாவுக்கு வைத்துவிட்டேன். கோயிலுக்குக்கூட அப்புறம்தான். தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம், அரக்குக் கலரில் ஒரு புடவை. அவள் பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு உன் பேரை மெதுவாக எழுத்துக் கூட்டிப் படித்தாள். அவளுக்கு இப்போது கண்ணும் கம்மியாகிவிட்டது. புடவையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். உன் கடிதம் வந்த பிறகு போனபோது நான் ஒன்றுமே சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். "குமாரு வேணாம்னு எழுதிட்டானா? உடு அக்கா, அவனும் இன்னா பண்ணுவான். பொண்ணு வூட்டுக்காரங்க தப்பா நெனப்பாங்க இல்ல."  துரை அவள் மடியில் முகத்தை வைத்துப் படுத்திருந்தது. அதன் முதுகை நீவிக்கொண்டே, "இத அனுப்பறாங்கனா அனுப்பிடு அக்கா. அவனையே தெனமும் நெனச்சிக்கினு இருக்கறவ கை இது மேல பட்டிருக்குது இல்ல? புள்ள பக்கத்துல இது உக்காந்துனா, நான் உக்காந்தா மாதிரி" என்றாள். இதைத்தான் உன்னால் அவள் கேட்க வேண்டியிருக்கிறது, குமார். தனக்குப் பதிலாக நாயைக் கல்யாணத்துக்கு அனுப்பி வைக்கச் சொல்கிற நிலைமையில் அவளை நிறுத்தியிருக்கிறாய். 

ஆகவே கேட்டுக்கொள். துரை வராது. கார் அனுப்ப வேண்டாம் என்று உன் மாமனாரிடம் சொல்லிவிடு. உன் முகூர்த்தமும் வரவேற்பும் புதன்கிழமை. அன்றைக்கு அதற்கு வேலை இருக்கிறது. கன்னத்தை வைத்துக்கொள்ள அந்தப் பெரியவர் காத்திருப்பார், சோற்றுத் தட்டோடு அந்த அம்மாள் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பாய் அழைத்துப் போவதாகச் சொல்லிவிட்டார். நீயே சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்த குட்டி அது, அதை மேடையில் பொம்மையாக உட்கார வைக்க நான் விட மாட்டேன். உன் சித்திக்குப் பதிலாளாகவும் அனுப்ப மாட்டேன்.

சரோஜா வருவாள். மாட்டேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள், நான் இழுத்துக்கொண்டு வருவேன். அரக்குப் புடவையைக் கட்டிக்கொண்டு, முந்தின நாள் வேலூர் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வருவாள். அவள் யார் என்று யாராவது கேட்டால், மாப்பிள்ளையை வளர்த்தவள் என்று நான் சொல்வேன். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் எழுந்து போவதாக இருந்தால் போகட்டும், நாற்காலி மிச்சமாகும். கல்யாணம் நின்றுவிடும் என்று பயமுறுத்தாதே. காதுக்குப் பின்னால் சொறியத் தெரிந்த பெண், இதற்காக எழுந்து போக மாட்டாள் என்று என் மனசு சொல்கிறது. போனால் அதையும் பார்த்துக்கொள்ளலாம். நீதான் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதுகிறவன் ஆயிற்றே.

தாலி கட்டி முடிந்ததும் பெரியவர்கள் காலில் விழுந்து ஆசி வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள். வரிசையில் அவள் கடைசியாகத்தான் நிற்பாள், அது அவளுக்குப் பழகிப்போயிற்று. நீ குனியும்போது ஆசீர்வாதம் செய்ய மாட்டாள். இரண்டு கைகளையும் தலைப்புக்குள் சுருட்டிக்கொண்டு, "இருக்கட்டும் சாமி, இருக்கட்டும்" என்று பின்னால் நகர்வாள். அப்போது எல்லோரும் உன்னைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். என்ன செய்வது என்று தெரியாமல் என் முகத்தைப் பார்க்காதே. துரை என்ன செய்தது என்று மேலே எழுதியிருக்கிறேன். தலைப்பை விலக்கு. தலையைக் கொண்டுபோய் அந்தக் கைக்கு அடியில் வை. அவள் இழுத்துக்கொண்டால் மறுபடியும் வை.

அம்மா